நீயும் நீங்களும்

ஓய்வு வேளையில் ருஷ்ய மொழி பயில்வோரைக் கண்டு எம்மவர் சிலர் நகைக்கின்றனர். சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தபின் அம்மொழியால் ஆவதென்ன என்பது அவர்தம் வினா.

ருஷ்ய இலக்கியத்தைப் போற்றும் நாம், அதனை எவ்வழியில் அறிந்தோம் என எண்ணுவதில்லை. நாம் கற்றவற்றுட் பல ஆங்கிலத்தின் வழியே வந்தவை. கொன்ஸ்டன்ஸ் கார்னெட் அம்மையார், மகப்பேற்றை எதிர்நோக்கியிருந்த 1891-இல் வீட்டிலிருந்தே ருஷ்யம் பயிலத் தொடங்கியவர். பின்னர் ஏறத்தாழ 70 நூல்களை ஆங்கிலமாக்கினார். அப்பணியை நாம் குறைத்துரையோம். அவர் மொழிக்கு இல்லாத வசதி எம்மொழிக்கு உண்டு என்பதே எமது வாதம்.

ருஷ்யத்தில் ‘தி’ என்பது நீ. ‘வி’ என்பது நீங்கள். நிலப்பிரபு பண்ணையடிமையை ‘தி’ என்றே விளித்தான். காதலர் ‘வி’யை விட்டுத் ‘தி’க்கு வரும் கணம் கதையின் திருப்பமாவதுண்டு. 1828-இல் புஷ்கின் இவ்விரு சொற்களையே தலைப்பாக்கிக் கவிதை புனைந்தார். ஆங்கிலத்தின் ‘யூ’ இவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது; அதிலிருந்து தமிழாக்குவோர் ஊகித்தே எழுதவேண்டியவராகின்றனர். வர்க்க உறவை ஊகத்துக்கு விடலாமா?

33 எழுத்துகளும் ஆறு வேற்றுமைகளும் அச்சமூட்டலாம். எட்டு வேற்றுமை கற்ற நமக்கு அவை அந்நியமல்ல. ‘அவர் ஆசிரியர்’ என வினைச்சொல்லின்றி முடியும் வாக்கியம் அங்கும் உண்டு. வினைச்சொற்களே நெடுநாள் உழைப்பை வேண்டுவன.

அவ்வுழைப்புக்கு எம் மாணவர் சிலரேனும் முன்வரட்டும். செகாவின் பாத்திரம் ‘நீ’ என்றதா, ‘நீங்கள்’ என்றதா எனத் தாமே கண்டு சொல்லட்டும். எமது விமர்சனம் அங்கிருந்து தொடங்கட்டும்.