ஒரே அரசு, இரண்டு கைகள்

வாராவாரம் சேர்ந்து விளையாடும் குடும்பம் வியூக விளையாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, திறமையில் ஏற்றத்தாழ்வு உள்ளவர்களுக்கும் அதில் உருப்படியான வேலை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். 1999-இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினி விளையாட்டு இதில் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது. இருவர் ஒரே நிறத்தைத் தேர்ந்தால் ஒரே அரசைச் சேர்ந்தே ஆளலாம். தம்பி ஆடுகளைத் தேடிப் பிடித்து, மரம் வெட்டி, வயல் போட்டுக் களஞ்சியத்தை நிரப்ப, அக்கா அந்த உணவைக் கொண்டு குதிரைப்படை திரட்டுவாள். எதிரி கணினி என்பதால் வீட்டுக்குள் தோற்றவர் என்று யாருமில்லை.

பழைய விளையாட்டு என்பார்கள்; 2019 பதிப்பு படங்களைப் புதுப்பித்துவிட்டது. விவரம் தெரிந்தவரே எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொள்வார் என்ற ஆட்சேபம்தான் கனமானது. ஆனால் இங்கே காலம் நிற்காமல் ஓடுகிறது. வயலையும் போர்க்களத்தையும் ஒருவரே கவனிப்பது பெரும்பாடு, தம்பியை நம்பித்தான் ஆக வேண்டும். கணினியின் கடுமையைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள்.