கையை இழந்த பாவை: ‘எட் த டக்’ கணனி விளையாட்டுப் பற்றிய ஒரு நோக்கு

ஒரு கலைவடிவத்திற் பிறந்த பாத்திரம் மற்றொன்றுக்குப் பெயர்க்கப்படும்போது எஞ்சுவது யாது, உதிர்வது யாது என்னும் வினா, நாவல் திரைப்படமாகும் வேளைகளிற் பெரிதும் ஆராயப்படுவதாகும். சிறுவர்க்கான ஆக்கங்கள் குறித்து அது அரிதாகவே எழுப்பப்படுகின்றது. பிரித்தானியாவில் 1990 இல் இம்பல்ஸ் வெளியீடாக வந்த ‘எட் த டக்’ என்னும் கணனி விளையாட்டை அந்நோக்கில் அணுக முற்படுகின்றோம்.

பி.பி.சி. தொலைக்காட்சியில், சிறுவர் நிகழ்ச்சிகளுக்கிடையே அறிவிப்பாளர் திரையில் தோன்றி உரையாடும் முறை 1985 இல் தொடங்கியது. அதற்குப் பயன்பட்ட ஒடுங்கிய கூடம் ‘துடைப்ப அறை’ என வேடிக்கையாக அழைக்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் அங்கு அன்டி கிரேன் என்னும் அறிவிப்பாளரின் துணையாக எட் தோன்றியது. மஞ்சள் உடலும் பச்சைக் கொண்டையும் கொண்ட இவ்வாத்துப் பாவை மொழி பேசாது. கத்த மட்டுமே செய்யும். அக்கத்தலைக் கேட்டு, பொருள் கற்பித்து, மறுமொழி கூறியவர் அருகிருந்த அறிவிப்பாளரே. எனவே பாவையின் உயிர் அதன் உருவத்தில் மட்டும் இருக்கவில்லை. கேட்பவர் ஒருவர் இருந்தமையிலும் இருந்தது.

விளையாட்டில் நிகழ்வது என்ன? எட் பி.பி.சி. நிலையத்தின் பிரிவுகளூடே தட்டுக்குத் தட்டுத் தாவி நட்சத்திரங்களைச் சேகரிக்கின்றது. எதிர்ப்படுவோரைப் பனிப்பந்துகளால் உறையச் செய்கின்றது. கொண்டையும் நிறமும் அவ்வாறே உள. ஆயின் கேட்பவர் இல்லை. எதிர்ப்படுவோர் எல்லாம் பகைவர். தோழமையாற் பிறந்த பாத்திரம் இங்கு தனிமைப்பட்டு நிற்கின்றது.

அக்காலக் கணனிகளின் சிறிய நினைவகமே இதற்குக் காரணம் எனச் சிலர் வாதிடலாம். அது முழுமையான விடையன்று. 48 கிலோபைற் நினைவகமுடைய ஸ்பெக்ட்ரம் கணனியிலேயே, 1982 இல் வெளிவந்த ‘த ஹொபிற்’ விளையாட்டில், ஆடுவோர் எழுத்து வாக்கியங்களாற் பாத்திரங்களை விளித்துப் பணிக்க முடிந்தது. அவை இணங்கவும் மறுக்கவும் செய்தன. 1983 இன் ‘மனிக் மைனர்’ முதலியவற்றால் தாவி ஏறும் விளையாட்டு ஏலவே விற்பனைக்குரிய அச்சாகிவிட்டிருந்தது. எந்தப் பிரபல முகத்தையும் அவ்வச்சிற் பொருத்துதல் எளிதாயிற்று. முகம் தொலைக்காட்சிக்குரியது, உடல் சந்தைக்குரியது.

பிறிதொரு வாதம் வலிமையானது. திரைக்கு வெளியே மறைந்திருந்த பாவையாட்டியின் கை இப்போது குழந்தையின் கையாகிவிட்டது, பார்வையாளர் ஆட்டுவிப்பவராயினர். இதனை நாம் மறுக்கவில்லை. தான் நேசித்த வாத்தைத் தானே இயக்கும் மகிழ்ச்சி சிறிதன்று. ஆயினும் பாவையாட்டியின் கை பிறிதொரு மனிதரின் சொல்லுக்கு அசைந்தது. ஜோய்ஸ்ரிக்கைப் பற்றிய கை தடைகளுக்கே அசைகின்றது. முன்னையது உரையாடல், பின்னையது தப்பிப்பிழைத்தல்.

ஆகவே, இவ்விளையாட்டின் குறை அதன் எளிமையன்று. பாவையை உருவமாக மட்டும் கண்டு, உறவாகக் காணத் தவறியமையே அதன் குறை. குழந்தைக்கு வாத்தைக் கொடுத்தவர்கள், அவ்வாத்தின் கத்தலுக்குச் செவிகொடுக்கும் ஒருவரைக் கொடுக்க மறந்துவிட்டனர். சிறுவர் ஆக்கங்களை மதிப்பிடுவோர் முதலில் வினவவேண்டியது, பாத்திரம் யார் என்பதன்று. அது யாருடன் இருக்கின்றது என்பதேயாகும்.