இரட்டைப் பலகையும் ஒற்றைக் கணக்கும்

இத்தாலியின் அமாத்தி, மான்டுவா, ஸ்பெயினின் ஆர்ட்டெசானியா லத்தீனா, ஓக்ரே, பிரிட்டனின் கால்டர்கிராஃப்ட் என்று எந்த நிறுவனத்தின் மரக் கப்பல் கிட்டைப் பிரித்தாலும் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான் உள்ளே இருக்கும். பிளைவுட்டில் வெட்டிய நடு முதுகெலும்பு ஒன்று, அதில் குறுக்கே செருகுவதற்குச் சில தட்டுகள், மரச்சிம்புக் கட்டுகள் இரண்டு. முதல் கட்டு வெளிர் நிற மென்மரம். சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், ஐந்து மில்லிமீட்டர் அகலம். இரண்டாவது கட்டு வால்நட். தடிமன் அரை மில்லிமீட்டர் அல்லது ஒரு மில்லிமீட்டர். முதலாவதைத் தட்டுகளின் மேல் ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, அதன்மேல் இரண்டாவதைப் போர்த்த வேண்டும். ஓய்வு நேரக் கலைஞர்கள் செய்யும் மரக் கப்பல்களில் பெரும்பங்கு இந்த இரட்டைப் பலகை முறையில்தான் உடம்பெடுக்கிறது.

இந்த முறையைத் தூயவாதிகள் சிலர் எள்ளி ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. கப்பலின் உடல் எந்த இடத்திலும் தட்டையாக இருப்பதில்லை. நடுவில் வயிறு பருத்து, அணியத்தில் சுருங்கி, பின்பக்கம் அடியில் குழிந்து மேலே விரிகிறது. இதுவரை மரத்தைத் தொட்டே பழகாதவர் இந்த வளைவுகளை முதல் முயற்சியிலேயே சரியாகப் பிடித்துவிட முடியாது. ஒரு தட்டு இரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தால் முதல் அடுக்கு அங்கே பள்ளமாகத் தெரியும். அந்த இடத்தில் ஒரு துண்டுச் சிம்பை ஒட்டி மேடாக்கலாம், இடைவெளிகளில் மக்கு அடைக்கலாம், காய்ந்த பிறகு மறுபடி தேய்க்கலாம். இரண்டாம் அடுக்கு ஏறும்போது அடியில் ஒரே சீரான பரப்பு கிடைத்துவிடுகிறது. இரண்டு அடுக்கும் பசையோடு இறுகுவதால் மழைக்காலமும் கோடைக்காலமும் மாறி மாறி வரும் ஊர்களில் பலகை இடுக்குகள் பிளப்பதும் குறைவு. விலை உயர்ந்த மரம் மெல்லிய ஏடாக மட்டும் செலவாகிறது. பட்டறையோ பெரிய இயந்திரமோ இல்லாத வீட்டில், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒருவர் போர்க்கப்பல் கட்ட முடிகிறது என்றால் அதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

ஆனால் தவறு பொறுக்கும் இந்தக் குணமே, கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றை மறைத்தும் விடுகிறது. அது பலகைகளை வகுத்துக்கொள்ளும் கணக்கு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் சங்கதி விளங்கும். நடுத்தட்டின் மேல் ஒரு காகித நாடாவை வைத்து, பக்கவாட்டில் ஓடும் தடித்த பட்டையிலிருந்து, கப்பலின் அடி நடுமரமான ஏரா வரை அளக்கிறோம்; 120 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மில்லிமீட்டர் சிம்பு இருபத்து நான்கு பிடிக்கும். அதே நாடாவை அணியத்தில் வைத்தால் 72 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. இருபத்து நான்கு பலகையும் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் ஒவ்வொன்றும் முனையில் மூன்று மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். நடுத்தட்டுக்கும் அணியத்துக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு தட்டிலும் இப்படி அளந்து, இருபத்து நான்காகப் பங்கிட்டு, பென்சிலால் குறித்துவிட்டால் ஒவ்வொரு பலகையின் வழியும் ஒட்டுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். கப்பல் தச்சர்கள் அசல் கப்பலில் செய்தது இதைத்தான். முனை பாதி அகலத்துக்கும் கீழே போகும் நிலை வந்தால் பலகையை ஊசியாகச் சீவாமல், இரண்டு பலகைகளை ஒன்றில் முடித்துத் தொடர்ந்தார்கள். பின்புறத்தில் இடம் விரியும்போது கூடுதல் பலகை ஒன்றை நடுவே நுழைத்தார்கள்.

பல கிட்டுகளின் விளக்கக் குறிப்பில் இந்தக் கட்டமே இருப்பதில்லை. ‘மேலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி ஒட்டுங்கள், தேவைப்பட்டால் முனையைச் சீவுங்கள்’ என்ற அளவில் விட்டுவிடுகிறார்கள். ஒட்டுபவர் ஒரே அகலச் சிம்புகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே வருகிறார். அணியத்தில் பதினான்கு சிம்போடு இடம் தீர்ந்துவிடுகிறது. மிச்சப் பத்தும் நடுவழியில் ஈட்டி முனைகளாக முடிகின்றன. இன்னொரு தொல்லையும் உண்டு. பனையோலைக் கீற்றைப் பரப்புவாக்கில் எளிதாக மடக்கலாம், விளிம்புவாக்கில் வளைத்தால் முறுக்கிக்கொண்டு எழும்பும். மரச்சிம்பும் அப்படித்தான். அணியத்தின் வளைவில் வலிந்து திருப்பிய சிம்பின் கீழ் விளிம்பு தூக்கிக்கொண்டு படி போல் நிற்கிறது. முதல் அடுக்கில் இதை உப்புத்தாள் மன்னிக்கிறது. இரண்டாம் அடுக்கிலும் அதே கணக்கற்ற ஒட்டல் தொடரும்போது, வால்நட்டின் அழகான நிறத்தில் அதே ஈட்டி முனைகள் நிரந்தரமாகப் பதிந்துவிடுகின்றன. தவறைச் செய்து பார்க்க முதல் அடுக்கு இடம் கொடுத்தது உண்மை. எது தவறு என்று சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை.

இந்த முறையின் அடுத்த பலவீனம் எலும்புக்கூட்டிலேயே இருக்கிறது. அசல் கப்பலில் விலாச்சட்டங்கள் ஏறக்குறைய நெருங்கி நிற்கும். கிட்டில் தட்டுக்கும் தட்டுக்கும் இடையே விரற்கடைக் கணக்கில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் சிம்பு வளைவதற்குப் பதில் நேராக ஓடி, உடல் உருண்டையாக இல்லாமல் பட்டை பட்டையாகத் தெரிகிறது. எலும்பு துருத்திய மாட்டின் விலாப்போல. அணியத்திலும் பின்புறத்திலும் உள்ள இடைவெளிகளில் மென்மரக் கட்டையை ஒட்டிச் செதுக்கி நிரப்பினால் இந்தக் குறை பெருமளவு தீரும். செலவு அற்பம். ஆனாலும் அந்தக் கட்டைகளைப் பெட்டியில் வைத்துத் தரும் கிட்டுகள் குறைவு.

அளவு விகிதத்தையும் பார்க்க வேண்டும். 1:64 விகிதத்தில் அணியம் முதல் பின்புறம் வரை ஒரே சிம்பாக 600 மில்லிமீட்டர் ஒட்டினால், அசல் கப்பலில் அது முப்பத்தெட்டு மீட்டர் நீளப் பலகை. அப்படியொரு ஓக் பலகை எந்தக் கப்பல் தளத்துக்கும் வந்ததில்லை. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் பலகைகள் பெரும்பாலும் ஆறேழு மீட்டர் நீளத்தில் இருந்தன. ஒரே விலாச்சட்டத்தின் மேல், பலகை முனைகள் சேரும் முட்டுகள் இரண்டு விழுந்தால் இடையே மூன்று பலகைகளாவது தொடர்ந்து ஓட வேண்டும் என்பது வலிமைக்கான விதி. இடுக்குகளைக் காட்ட மார்க்கர் பேனாவால் அரை மில்லிமீட்டர் கோடு இழுப்பவர்கள், நீர் புகாமல் நார் அடைக்கும் கலப்பத்து இடுக்கை அசல் அளவில் 32 மில்லிமீட்டர் அகலமாகக் காட்டுகிறார்கள். அந்தக் கப்பல் துறைமுகத்திலேயே மூழ்கியிருக்கும். மர ஆணிகளும் அப்படியே. அசலில் அவை 32 முதல் 38 மில்லிமீட்டர் விட்டம். மாதிரியில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான். மூங்கிலைப் பிளந்து, துளையிட்ட எஃகுத் தகட்டின் வழியே இழுத்து இழுத்து அந்த மெலிவுக்குக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் மதிப்பு கூடும். ஒரு மில்லிமீட்டர் துளையில் பல்குத்தும் குச்சியைச் செருகினால் உடம்பெல்லாம் அம்மை கண்டதுபோல் ஆகிவிடும்.

இன்னொரு கேள்வி. இவ்வளவு பாடுபட்டு ஒட்டும் இரண்டாம் அடுக்கு கடைசியில் கண்ணில் படுகிறதா? பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். விக்டரியை எடுத்துக்கொள்ளலாம். 1765இல் இங்கிலாந்தின் சாத்தமில் நீரில் இறங்கிய அந்தக் கப்பலுக்கு 1780இல் அடிப்பக்கம் முழுக்கச் செப்புத் தகடு போர்த்தினார்கள். தகடு ஒன்று நான்கடி நீளம், 14 அங்குல அகலம். 1:72 விகிதத்தில் பதினேழு மில்லிமீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர். நீர்க்கோட்டுக்கு மேலே மஞ்சளும் கறுப்பும் பூச்சு. அப்படியானால் கடற்படைத் தளபதி நெல்சன் காலத்து விக்டரியைச் செய்பவரின் வால்நட் பலகையில் ஓர் அங்குலம்கூட வெளியே தெரியாது. கீழே செப்பு, மேலே வர்ணம். இருந்தும் பலர் அந்த மரத்தை மறைக்க மனமில்லாமல் செம்பும் வேண்டாம், பூச்சும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். மரத்தின் மீதுள்ள ஆசை புரிகிறது. ஆனால் அப்போது அது விக்டரியின் மாதிரியாக இல்லாமல், விக்டரியின் வடிவில் ஒரு மரச்சாமானாகிவிடுகிறது.

பலகையே ஒட்டாமல் விடுவதுதான் நேர்மை என்று வாதிடுபவர்கள் பிரிட்டனின் பழைய ‘நேவி போர்டு’ மாதிரிகளைக் காட்டுவார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து செய்யப்பட்ட இவற்றில் அடிப்பகுதி பலகையில்லாமல் விலாச்சட்டங்கள் தெரிய நிற்கும். லண்டன் கிரீனிச்சிலும் அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படை அருங்காட்சியகத்திலும் அவற்றைப் பார்ப்பவர்கள் வாயடைத்துப் போவார்கள். ஆனால் அந்தச் சட்டங்களின் அமைப்பு மாதிரிக்கென்றே வகுத்துக்கொண்ட ஓர் அலங்கார மரபு. அசல் கப்பலின் சட்டங்கள் அப்படி அமைந்திருக்கவில்லை. ஆகவே திறந்து காட்டுவதாலேயே உண்மை வந்துவிடாது.

இரட்டைப் பலகை முறையின் ஆழமான குறை இவற்றிலிருந்து வேறு. கப்பல் என்றாலே முதலில் எலும்பு, பிறகு தோல் என்று அது பழக்கிவிடுகிறது. எல்லாக் கப்பலும் அப்படி எழவில்லை. சுவீடனின் போர்க்கப்பல் வாசா 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே மூழ்கியது. 1961இல் வெளியே எடுக்கப்பட்டது. அதைக் கட்டியவர்கள் டச்சு மரபில் வந்த தச்சர்கள். அந்த மரபில் ஏராவை நட்டதும் அடிப்பலகைகளைத்தான் முதலில் சேர்ப்பார்கள். சிறு கட்டைகளை ஆணியடித்துத் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, பலகைகள் உருவம் பெற்ற பிறகே விலாச்சட்டங்களைப் பொருத்துவார்கள். கட்டைகளைக் கழற்றியதும் ஆணித் துளைகளை மரமுளையால் அடைத்துவிடுவார்கள். வாசாவில் கிடைத்த அளவுகோல்களில் சில சுவீடன் அடியில், சில ஆம்ஸ்டர்டாம் அடியில் இருந்தன; கப்பலின் இரு பக்கமும் ஒத்துப் போகவில்லை. சந்தையில் விற்கும் வாசா கிட்டோ அச்சுப் பிசகாத சமச்சீர் தட்டுகளின் மேல் எழுகிறது.

கிட்டின் வரிசையைத் தலைகீழாகச் செய்து பார்த்தவர் ஆப் ஹோவிங். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் கப்பல் மாதிரிகளைச் சீரமைக்கும் பொறுப்பில் இருந்தவர். நிக்கோலாஸ் விட்சன் 1671இல் வெளியிட்ட கப்பல் கட்டும் நூலில் 134 அடி நீளக் கப்பல் ஒன்றைக் கட்டும் வரிசை எழுதப்பட்டிருக்கிறது. குழப்பமான நூல் என்று பெயரெடுத்தது அது. ஹோவிங் அந்த வரிசைப்படியே, அடிப்பலகையிலிருந்து தொடங்கி ஒரு மாதிரியைக் கட்டினார். எழுத்தில் விளங்காத பல இடங்கள் பலகையை வளைத்தபோது விளங்கின. மாதிரிக்குப் பலகை ஒட்டுவது ஆராய்ச்சியாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சென்னையில் துறைமுகம் வருமுன் அலைக்கு அப்பால் நின்ற கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தது அந்தப் படகுதான். விலாச்சட்டமே கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் உடல் நெளிந்து கொடுக்கும், உடையாது. தட்டுகளின் மேல் சிம்பு ஒட்டி மசூலா செய்தால் வெளி உருவம் கிடைக்கலாம். அந்தப் படகு ஏன் உடையவில்லை என்பது கிடைக்காது. கயிற்றால் தைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும்.

அப்படியானால் தொடங்குபவர் என்ன செய்வது? முழு விலாச்சட்டக் கப்பலில் கைவைக்கச் சொல்வது கொடுமை. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை அது. ஒற்றைப் பலகையோடு, தட்டு இடைவெளிகளை மென்மரத்தால் நிரப்பி, வகுத்துக் குறித்து ஒட்டும் சிறிய படகே சரியான வாசல். சிம்பை விளிம்புவாக்கில் வளைக்க இரண்டு வழி உண்டு. நனைத்து, இரு முனையும் பிடித்து, நடுவை இழுத்துக் கிளாம்ப் போட்டு, முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றினால் வளைவு நிற்கும். மரம் வீணாகாது, பழகவும் எளிது. மற்றது, அகலமான ஏட்டிலிருந்து வளைந்த வடிவத்தையே வெட்டியெடுப்பது. மரம் நிறைய வீணாகும், நேரமும் பிடிக்கும். ஆனால் ஒட்டும்போது பலகை தன் இடத்தில் தானாக உட்கார்ந்துகொள்கிறது. தச்சர்களின் வழியும் அதுவே. எந்த வழியானாலும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டாவிட்டால் முதுகெலும்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும்.

சிறு படகிலிருந்து தொடங்குவதே நல்லது என்பதைக் கிட் நிறுவனங்களும் உணரத் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ், டேவிட் ஆன்ட்ஷெர்லின் வடிவமைப்பில் மூன்று சிறு படகுகளை ஒரு வரிசையாக வெளியிட்டது: 1:24இல் கிராண்ட் பேங்க்ஸ் டோரி, 1:12இல் நார்வே பாய்ப் படகு, மறுபடி 1:24இல் மெய்ன் மாநிலத்து லாப்ஸ்டர் படகு. ஒன்றைவிட அடுத்தது கடினம். டோரியின் பலகைகள் லேசரில் வெட்டப்பட்டே வருகின்றன. கணக்கை இயந்திரமே போட்டுவிட்டதே என்ற குறை இதற்கும் உண்டு. என்றாலும் அந்தப் பலகையை ஒட்டுவதற்கு முன் மேசைமேல் தட்டையாக வைத்துப் பார்ப்பவர், படகில் நேராக ஓடுவதுபோல் தோன்றும் விளிம்பு உண்மையில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை முதன்முறையாகக் கண்ணால் காண்கிறார். கட்டுக் கட்டாக நேர்ச்சிம்பு கொடுத்துப் பழக்கிய கிட்டுகள் இதுவரை அவருக்குக் காட்டாதது அந்த வளைவைத்தான்.