வெட்டு வாய் மூடும் அழகு

கவரைப்பேட்டையில் ஒரு வீட்டு வாசல் வேம்பில், கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் லாரிகளில் உரசிய கிளையை யாரோ எடுத்திருக்கிறார். சுற்றிலும் பட்டை திரண்டு, பணியாரம்போல் உப்பி, நடுவில் மிளகளவு குழி மட்டும் மிச்சம். அந்தப் பக்கம் போனால் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

தழும்பு நல்ல வட்டமாக இருப்பதுதான் அதன் அழகு. கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில், சட்டைக் கழுத்துப்பட்டைபோல ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதை ஒட்டி வெளிப்பக்கமாக வெட்டினால் நாலாபுறமும் ஒரே சீராகப் புதுப்பட்டை ஏறி வரும். புடைப்பையும் சேர்த்து மழுங்கச் சீவினால் இரு பக்கமும் மட்டும் உதடுபோல வளர்ந்து, மேலும் கீழும் திறந்தே கிடக்கும். கறையானும் பூஞ்சாணமும் அந்த வாசலில் நுழையும். கனத்த கிளையை ஒரே வெட்டில் இறக்கக் கூடாது. முதலில் கொஞ்சம் தள்ளி அடிப்பக்கத்தில் பாதி அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, கடைசியில் மிஞ்சிய கட்டையைக் கழுத்தோரம் எடுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் விழுகிற கிளை பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போகும். என் வீட்டு வேம்புக்கு அதுதான் நடந்தது. கூலிக்கு வந்தவர்கள் பத்தே நிமிடத்தில் வேலையை முடித்தார்கள். அந்தக் காயம் இன்றும் ஆறவில்லை.

ஆறவில்லை என்று சொல்வதே பிழை என்பார் அலெக்ஸ் ஷைகோ. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அவர், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து உள்ளே பார்த்தவர். நம் தோல்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதைச் சுற்றிப் புதிய மரமாக வளர்கிறது. வெட்டிய இடத்தில் தாரும் பெயின்டும் பூசுவது அழுகலைத் தடுக்காது என்பதையும் அவரே எடுத்துக்காட்டினார். நம் தெருக்களில் இன்னும் தார் டப்பாவோடு வருகிறார்கள்.

ஆனால் கைவேலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தென்னையிடம்தான் போக வேண்டும். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து வீடுகளுக்கு வரும் மரமேறிப் பெரியவர் ஒருவர் வேலை செய்வதை ஒரு காலை முழுக்கக் கழுத்து வலிக்கப் பார்த்திருக்கிறேன். ஏறுவதற்கு முன் மரத்தைச் சுற்றி வந்து ஓலையைப் படித்தார். விரிந்த ஓலையில் கத்தரியால் நறுக்கியதுபோல் முக்கோண வெட்டு தெரிந்தால், அது குருத்தாக மடிந்திருந்தபோதே காண்டாமிருக வண்டு குடைந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே போனதும் கொக்கிக் கம்பியைத் துளையில் விட்டு, ஒரு சுழற்று, ஒரு இழு. கருத்த வண்டு கம்பி முனையில் வந்தது. பன்னாடையைக் கழித்து, உள்ளடுக்கு மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து இட்டார். வேளாண் பல்கலைக்கழகம் மரத்துக்கு 150 கிராம் என்று சொல்லும் அதே கலவை. அவர் கை அளந்தது ஒரு பிடி.

என்னை அசத்தியது அவர் வெட்டாமல் விட்டவைதான். “பச்ச மட்டைய ஏன் சார் கழிக்கணும்? அந்த வாசனைக்கே செவப்பு வண்டு வந்துடும்” என்றார். சிவப்புக் கூன்வண்டு புதுக்காயத்தின் வாடையைத் தேடி வந்து முட்டையிடுவது. தவிர்க்கவே முடியாமல் பச்சை மட்டையை எடுத்தாலும் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டே வெட்டச் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு அலங்கரித்ததுபோல் மொட்டையடித்துச் சிங்காரித்த தென்னைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

இதே பொறுமை வெள்ளை ஈக்கும் வேண்டும். இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ, அதன் பிறகு தென்னை உள்ள இடமெல்லாம் பரவியது. ஓலை கரியாகிவிட்டதே என்று மருந்தடித்தால், அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்னும் சிறு குளவியும் செத்துப்போகும். ஓலையைக் கரியாக்கும் அந்தக் கரும்பூஞ்சாணத்துக்கு மைதாக் கஞ்சி போதும். லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தெளித்தால், காய்ந்து அப்பளம்போல் உரியும்போது கரியையும் கூட்டிக்கொண்டு விழும். இவ்வளவு எளிய அடுக்களை மருந்தைக் கண்டவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆலங்காடு, வேற்காடு, பழவேற்காடு என்று காட்டின் பெயரையே ஊருக்கு வைத்த மாவட்டம் எங்களுடையது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் முதலில் சாய்ந்தவை, கால்வாய்க்காக வேர் அறுபட்டும் அடிவரை சிமென்ட் பூசப்பட்டும் நின்ற மரங்கள். அடியில் இரண்டு முழம் மண்ணைத் திறந்து விடுவதும் மரம் பார்க்கும் தொழிலில் சேர்த்தி. தேயிலைக் கொசு என்னும் பூச்சி தாக்கி வேம்பின் நுனியெல்லாம் தீய்ந்ததுபோல் காயும்போது, மரமே போய்விட்டதென்று கோடரியைத் தூக்காமல் கோடைத் துளிருக்குக் காத்திருப்பதும் அப்படித்தான்.

நான் பார்த்திருந்த அந்தக் காலையில், கடைசி மரத்தில் மரமேறிப் பெரியவர் ஏறவேயில்லை. தண்டில் காதை வைத்து, கண்ணை மூடி நின்றார். கூன்வண்டுப் புழு உள்ளே நாரை மெல்லும் ஓசை கேட்குமாம். நானும் மறுபக்கம் காதை வைத்தேன். எனக்கு நெடுஞ்சாலை லாரிகள் மட்டும் கேட்டன. அவர் கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

“ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்குது” என்று தண்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.