காலிமுகத்திடல்: ஒரு கல்லும் அதன் வாசகர்களும்

நகரப் பூங்காக்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைத் தந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கொழும்பு காலிமுகத்திடலும் இதற்கு விலக்கல்ல. அங்குள்ள நினைவுக்கல் தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட்டைப் பற்றிப் பேசுகிறது. 1856இல் தொடங்கி 1859இல் முடிந்த நடைபாதையை, கொழும்பின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நலன் கருதித் தனக்குப் பின்வருவோரிடம் அவர் ஒப்படைக்கிறார். இக்கல்லை ஓர் இலக்கியப் பிரதியாகவே வாசிக்க விரும்புகிறேன்.

பிரதி சொல்லாமல் விட்டவை அதிகம். ஒல்லாந்தர் காலத்தில் இது கோட்டைப் பீரங்கிகளின் குறி மறையாதிருக்க வெட்டவெளியாக வைக்கப்பட்ட நிலம். பின்னர் ஆங்கிலேயர் இங்கு குதிரைப் பந்தயம் நடத்தினர், கோல்ப் ஆடினர். மீன்கூடை சுமந்து போன பெண்ணும் அந்தச் 'சீமாட்டிகள்' என்ற சொல்லுக்குள் அடங்கினாள் என்று நம்ப எனக்குக் காரணமில்லை.

ஆனால், பிரதியின் பொருளை எழுதியவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பட்டம் விட வந்த பிள்ளைகளும் இறால் வடை விற்றவர்களும் அந்த வாசகத்தை மெல்ல மெல்லத் திருத்தி எழுதினார்கள். 2020இல் கோத்தாபய ராஜபக்ஷவின் அரசு ஜனாதிபதி செயலகத்தருகே ஆர்ப்பாட்டத்துக்கென ஓர் இடத்தை ஒதுக்கியது. எதிர்ப்புக்கும் எல்லை கீறப்பட்டது. 2022 ஏப்ரல் 9 முதல் மக்கள் அந்த எல்லையைக் கடந்து திடலெங்கும் பரவினர், கூடாரம் அடித்தனர், நூலகம் வைத்தனர். ரமழானில் பல்லின மக்கள் கூடியிருக்க அங்கே நோன்பு திறக்கப்பட்டது. மே 18இல் முள்ளிவாய்க்கால் நினைவுகூரப்பட்டது.

'அரகலய' பற்றி நம்மவர்கள் எழுதியவற்றில் நான் வாசித்தவை பெரும்பாலும் அந்த இஃப்தார் விரிப்பில் தொடங்கி, அதிலேயே நெகிழ்ந்து முடிகின்றன. எனது விமர்சனம் இதுதான். அதற்கு ஓராண்டுக்கு முன், கொவிட் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்ட காலத்தில், 2021 பெப்ரவரியில் இம்ரான் கான் வந்தபோது, அதே கடற்கரை வெளியில் நம்மவர்கள் அடையாளச் சந்தூக்கு ஒன்றைச் சுமந்து நின்றார்கள். பெருங்கூட்டமல்ல, சில பத்துப் பேர். அன்று நகரம் திரண்டு வரவில்லை. எரிவாயுவும் எரிபொருளும் தீர்ந்த பிறகே அது திரண்டது.

இதைச் சொல்வது இஃப்தாரைச் சிறுமைப்படுத்த அல்ல. பொதுவெளி தானாக யாரையும் சகோதரராக்கிவிடுவதில்லை. ஒருவர் துக்கம் மற்றவர் கண்ணில் படுவதற்கு அது இடம் தருகிறது, அவ்வளவுதான். பார்ப்பதும் பாராமல் போவதும் மனிதர்களின் கையில். சந்தூக்கை விட்டுவிட்டு விரிப்பை மட்டும் எழுதினால், சீமாட்டிகளை மட்டும் கண்ட வோர்ட்டின் கல்லைப் போல நம் எழுத்தும் பாதிப் பிரதியாகவே நின்றுவிடும்.

2022 ஜூலை 22 அதிகாலையில் படையினர் புகுந்து கூடாரங்களைப் பிடுங்கினர். புல் மீண்டும் முளைத்துவிடும். அதன் மேல் நடந்த இரண்டையும் சேர்த்து எழுதும் கதைக்காகக் காத்திருக்கிறேன்.