பெயர் போட்டு எழுதிக் கொடு

டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலின் வாக்குப்பதிவு 2024 செப்டம்பர் 27 அன்று நடந்தது. வாக்குகள் எண்ணப்பட்டதோ நவம்பர் 25 அன்று. கண்ட இடத்தில் ஒட்டிய சுவரொட்டிகளை அகற்றிச் சுத்தம் செய்யும்வரை எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. சுவரைக் கெடுத்ததற்கு எண்ணிக்கை நின்றது; ஒரு மாணவியின் பெயரைக் கெடுத்ததற்கு எங்காவது நின்றிருக்கிறதா? நான் கேள்விப்பட்டதில்லை.

முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதை ஒதுக்கிய இடத்தில் மட்டும் ஒட்டலாம். பணமோ கட்சிப் பின்புலமோ இல்லாத பெண்களுக்கு இவை உதவும் விதிகள். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: எதிர் வேட்பாளரின் கொள்கையை, செயல்பாட்டை விமர்சிக்கலாம், பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத தனிவாழ்க்கையைத் தொடக் கூடாது.

இந்த விதியின் கதியை நான் நேரில் பார்த்தேன். வட இந்தியாவில் முதுகலை படித்தபோது துறைப் பிரதிநிதி பதவிக்கு நின்றேன். மூன்றாம் நாள், தேநீர்க் கடையில் எட்டுப் பேர் சேர்ந்து எடுத்த படத்தில் ஆறு பேரை வெட்டிவிட்டு என்னையும் ஒரு நண்பனையும் மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். ‘இரவுப் பரப்புரை’ என்று ஒரு தலைப்பு வேறு. அன்று காலைதான் இன்னொருவரின் அச்சடித்த சுவரொட்டி மீது புகார் போயிருந்தது. மாலைக்குள் அதைக் கிழித்துவிட்டார்கள். நான் பொறுப்பாசிரியரிடம் போனேன். “உன் பெயர் போட்டு எழுதிக் கொடு. படத்தையும் இணைத்துவிடு” என்றார். பிறகு கேட்டார்: “வீட்டுக்குத் தெரியுமா?”

நான் எழுதிக் கொடுக்கவில்லை. தேர்தலில் தோற்றேன். அந்தப் படம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வென்றவர் என்னைவிட நன்றாகப் பேசினார். ஆனால் அதன்பின் நான் எந்த மேடையிலும் ஏறவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அந்த அறிக்கையை முழுதாகப் படித்தேன். புகார் கொடுப்பவர் தன் பெயரில்தான் கொடுக்க வேண்டும் என்பது உண்மை. மொட்டைக் கடிதத்தை அனுமதித்தால் அதுவே பெண்களுக்கு எதிரான ஆயுதமாகும் என்பதால் இதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுப்பவர் வேட்பாளராகவே இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. மாணவர் எவரும் கொடுக்கலாம். 24 மணி நேரத்துக்குள் குறைதீர் குழு அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும், அல்லது விசாரணைக்கு அழைக்க வேண்டும். அந்தக் குழுவில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் குழுவில் அந்த மாணவி யார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சுவரொட்டிக்கு யார் வேண்டுமானாலும் புகார் கொடுத்தார்கள். அது எல்லாருடைய சுவர். என் பெயர் மட்டும் என் சொந்தப் பிரச்சினை ஆனது. விதியில் இல்லாத இந்தப் பாகுபாட்டை அதை அமல்படுத்தியவர்கள் சேர்த்தார்கள். பெண்ணின் மானம் அவள் வீட்டுக் கவலை என்ற பழைய நம்பிக்கைதான் அங்கே அதிகாரியாக உட்கார்ந்திருந்தது. சக வேட்பாளரைப் பற்றிய அவதூறு, வாக்களிக்கும் எல்லாரையும் ஏமாற்றும் தேர்தல் முறைகேடு. அதை அப்படித்தான் பதிவு செய்ய வேண்டும்.

தேர்தலில் நிற்கப்போகும் தோழிகளே, வேட்புமனு கொடுக்கும் அன்றே குழுவில் இருக்கும் மாணவி யார் என்று கேளுங்கள். நிற்காத தோழிகளே, உங்கள் வகுப்புத் தோழியின் படம் கைபேசிக்கு வந்தால் அவள் அழுதுகொண்டு வரும்வரை காத்திருக்காதீர்கள். பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரை.