பறக்கும் வீரனும் பார்த்திருக்கும் மக்களும்

சினிமாவைப் பற்றிப் பேசுவது இலக்கியகாரருக்கு இழுக்கு என்று எண்ணும் பழக்கம் யாழ்ப்பாணத்துப் படித்தவர்களிடையே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. நாவலில் யதார்த்தம் எங்கே நழுவுகிறது, கவிதையில் வர்க்க நோக்கு எங்கே மங்குகிறது என்றெல்லாம் நுணுகி ஆராயும் ஆசிரியர், மாலையில் ரியூட்டரிக்கு வரும் மாணவனின் சட்டையில் சிலந்தியின் முகமூடியையோ வௌவாலின் இறக்கையையோ காண்கிறார். 'சிறுபிள்ளைத்தனம்' என்று ஒரு சொல்லில் தீர்ப்பு வழங்கிவிட்டு அப்பால் நகர்கிறார். கோடிக்கணக்கான மக்கள் பணம் கொடுத்துக் காணும் கனவொன்றைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லிவிடுவதனால் அது கலைந்துபோவதில்லை. எத்தகைய வாழ்க்கை அக்கனவை வேண்டி நிற்கிறது, அதனை விற்போர் யாவர் என்று கேட்பதன்றோ விமர்சனத்தின் பணி?

அதிமனித நாயகனின் பிறப்பிலிருந்தே தொடங்குவோம். 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத் திகதியிட்ட அமெரிக்கப் படக்கதை ஏடொன்றில் சுப்பர்மான் முதன்முதலில் தோன்றினான். அவனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷூஸ்ரர் என்னும் இருவரும் அமெரிக்காவிற் குடியேறிய ஏழை யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பொருளாதார மந்தம் தொழிலாளரை வேலையின்றி வீதியில் நிறுத்தியிருந்த காலம் அது. அக்காலச் சுப்பர்மான் வேற்றுக் கிரகத்துப் பகைவரைத் தேடிப் போகவில்லை. மனைவியை அடிக்கும் கணவனின் கையைப் பிடித்தான். போரால் இலாபம் ஈட்டிய ஆயுத உற்பத்தியாளன் ஒருவனைப் போர்முனைக்கே இட்டுச் சென்று, அவன் விற்ற குண்டு மனிதர் தலைமேல் எவ்வாறு வெடிக்கிறது என்பதை அவனே உணரும்படி செய்தான். பாதுகாப்பற்ற சுரங்கத்தில் தொழிலாளரை இறக்கிய முதலாளி, அதே சுரங்கத்துள் அகப்பட்டுத் தவிக்கும்படி செய்தான். சட்டம் செய்யாததை ஒருவன் செய்தான். அதனாலேயே வறியவன் அவனை நேசித்தான்.

படைத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? சுப்பர்மானின் முழு உரிமையையும் அவர்கள் 130 டொலருக்கு விற்றிருந்தனர். நிறுவனம் கொழுத்தது. அவ்விருவரும் வறுமையில் உழன்று, வழக்காடி, ஈற்றில் 1975-இலேதான் ஓர் ஆண்டு உதவித்தொகையையும் தம் பெயர் பொறிக்கப்படும் உரிமையையும் பெற்றனர். சுரங்க முதலாளியைத் தண்டித்த வீரனால் தன்னைப் பெற்றவர்களின் கூலியை வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

இனி எழுபது ஆண்டுகளைத் தாண்டி வருவோம். 2008-இல் 'அயன் மான்' வெளிவந்தது. இன்றைய மார்வெல் தொடர்ப்படங்கள் அதிலிருந்தே தொடங்குகின்றன. அதன் நாயகன் யார்? ஆயுத உற்பத்தியாளன்! 1938-இல் குற்றவாளிக் கூண்டில் நின்றவன் 2008-இல் நாயகனாகிவிட்டான். ஆப்கானிஸ்தானத்துக் குகையொன்றில் கைதியாகக் கிடக்கும்போது, தன் கம்பனியின் குண்டுகள் பகைவரிடமும் இருப்பதை அவன் காண்கிறான், மனம் மாறுகிறான். மனம் மாறியவன் ஆயுதத்தைக் கைவிட்டானா? இல்லை. முன்னையவற்றிலும் கொடிய ஆயுதமொன்றைச் செய்து, அதைத் தானே அணிந்துகொண்டு பறக்கிறான். ஆயுதம் தீயவர் கையில் இருப்பதுதான் குறை, நல்ல முதலாளியின் கையில் இருந்தால் உலகம் காக்கப்படும் என்பதே படம் தரும் போதனை. விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய ஒரு தலைமுறை இன்றும் எம்மிடையே வாழ்கிறது. அத்தலைமுறையின் பிள்ளைகள், வானத்திலிருந்து நெருப்பைக் கக்கியபடி இறங்கும் இரும்புக் கவசத்தைக் கண்டு கைதட்டுகிறார்கள். பிள்ளைகளை நாம் பழிக்கவில்லை. அப்படத்தின் தொழில்திறம் அத்துணை வலியது. நாயகனாக நடித்த ரொபேட் டௌனியின் குறும்பும் நகைச்சுவையும் நெஞ்சைக் கவர்வன என்பதையும் மறுக்கமாட்டோம்.

மார்வெல் நிறுவனத்தை டிஸ்னி கம்பனி ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு வாங்க 2009-இல் உடன்பட்டது. தொடரின் 22-ஆவது படமாகிய 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019-இல் உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டொலரை வசூலித்தது. தமிழரின் பணமும் தேவைப்பட்டமையால் அதன் தமிழ் வடிவத்துக்கு ஏ. ஆர். முருகதாஸ் வசனம் எழுத, இரும்பு வீரன் விஜய் சேதுபதியின் குரலில் பேசினான். தொடர்ப்படம் என்பது வெறும் கதை முறையன்று. அது ஒரு வியாபார முறை. ஒரு படம் முடியுமுன்பே அடுத்த படத்துக்கு ரிக்கற் விற்றாக வேண்டும். ஆகவே தீமை ஒருபோதும் முற்றாக அழிந்துவிடக் கூடாது. பழைய நாடகத்தில் அசுரன் மாண்டதும் மங்களம் பாடி மக்கள் வீட்டுக்குப் போனார்கள். இங்கோ படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடிய பின்னரும், அடுத்த அசுரனின் முகத்தைக் காண்பதற்காக மக்கள் இருட்டில் காத்திருக்கிறார்கள்.

தமிழர் இத்தகைய நாயகனை அமெரிக்காவிடமிருந்து கற்கவேண்டி இருக்கவில்லை. இலங்கையில், கண்டிப் பகுதியிலே 1917-இல் பிறந்த எம்.ஜி.ஆர். அவ்விடத்தை என்றோ நிரப்பிவிட்டார். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு, அது சிறியதன்று. 'படகோட்டி' (1964), 'தொழிலாளி' (1964), 'விவசாயி' (1967), 'ரிக்‌ஷாக்காரன்' (1971) என்னும் பெயர்களை நோக்குக. அவை யாவும் தொழில்களின் பெயர்கள். நாயகன் நூறு பேரைத் தனியே அடித்து வீழ்த்தினான் என்பது உண்மை. ஆனால் அடிப்பதற்கு முன் அவன் துடுப்பு வலித்தான், ஏர் பிடித்தான். 'படகோட்டி'யில் இரு மீனவக் குழுக்கள் ஒன்றையொன்று பகைக்கின்றன. அப்பகையை மூட்டி இலாபம் காண்பவன் வேறொருவன். சம்மாட்டியிடம் கடன்பட்டு வலை இழுத்த வடமராட்சிக் கடலோரத்து மனிதனுக்கு அந்த வில்லனை எவரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருந்திராது.

படமாளிகை அம்மனிதனுக்கு வேறொன்றையும் கொடுத்தது. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு சாதனமாக ஆராய்ந்து 1981-இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்ட பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் கூடியிருந்த முதற் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, கையிலுள்ள காசே என்றும் சுட்டிக்காட்டினார். கரவெட்டியிற் பிறந்த ஒருவர் இதனைச் சொல்லும்போது அதற்குத் தனிப் பொருள் உண்டு. தேநீர்க் கடையில் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் வாங்கியவன், கோயிலின் வெளிவீதியில் நிறுத்தப்பட்டவன், வெலிங்டனிலோ வின்சரிலோ கலரி ரிக்கற் எடுத்தால் உள்ளே போகலாம். அச்சமத்துவம் பணத்தின் சமத்துவமே என்று நாம் உடனே சொல்லிவிடலாம். சொல்வது சரியே. ஆனால் வேறெங்கும் எந்தச் சமத்துவமும் கிடைக்காதவனுக்கு அது எவ்வளவு பெரிதாய் இருந்திருக்கும் என்பதை மனங்கொள்ளாத விமர்சனம் அரை விமர்சனமே. முற்போக்காளர் சிலர் சினிமாவை அபினி என்று கூறி ஒதுக்கியபோது தவறவிட்டது இதைத்தான்.

அதே கலரி மனிதர்கள்தாம் 1966 ஒக்ரோபர் 21-இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாய் நடந்தவர்களுள்ளும் இருந்திருப்பர். பொலிஸாரின் தடியடி அவர்கள்மேல் விழுந்தது. அவர்கள் கலைந்தோடவில்லை. 1968-இல் மாவிட்டபுரம் ஆலய வாசலிலும் மக்கள் நின்றனர். தேநீர்க் கடைகளும் கோயில்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. திரையிலே ஒருவனுக்குக் கைதட்டிய கைகளே வெளியே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. ரசிகன் என்றால் செயலற்றவன் என்று பொதுவிதி வகுத்துவிட முடியாது என்பதற்கு எமது குடாநாட்டின் வரலாறே சான்று.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1977-இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார்; 1987-இல் இறக்கும்வரை செல்வாக்கை இழக்கவில்லை. அவரைப் பற்றி 1992-இல் வெளிவந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ஆங்கில நூல், எந்த ஏழைகள் அவரைத் தெய்வமாகப் போற்றினரோ, அந்த ஏழைகளிடமிருந்தே அவரது ஆட்சி வரியை உறிஞ்சியதைக் காட்டுகிறது. திரையில் வறியவனுக்காகச் சாட்டையைச் சுழற்றியவரிடம் வறியவன் கணக்குக் கேட்கவில்லை.

எமது அரசியல் மேடையும் இதற்கு விலக்கன்று. ஒருவர் 'தளபதி' அமிர்தலிங்கம். இன்னொருவர் 'இரும்பு மனிதன்' நாகநாதன். ஆம், அமெரிக்கரின் இரும்பு மனிதன் தமிழ்பேச வருவதற்கு நெடுங்காலத்தின் முன்பே நல்லூர்த் தொகுதிக்கு ஓர் இரும்பு மனிதன் இருந்தார். 1970 தேர்தலில் தளபதி வட்டுக்கோட்டையிலும் இரும்பு மனிதன் நல்லூரிலும் தோற்றனர். எனினும் பட்டம் சூட்டும் மனப்பான்மை தோற்கவில்லை. எழுபதுகளில் இளைஞர் தம் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகம் இட்டனர், கூட்டம் ஆர்ப்பரித்தது. அதன்பின் வந்த காலத்தை இங்கு விரித்துரைக்க இடமில்லை. தியாகங்கள் மெய்யானவை, மரணங்கள் மெய்யானவை. ஆயினும் மக்கள் முதலில் கைதட்டுவோராகவும், பின்னர் கைதட்டாதிருக்க அஞ்சுவோராகவும், ஈற்றில் எவரேனும் வந்து மீட்பாரா என்று வானத்தைப் பார்ப்போராகவும் ஆக்கப்பட்டமையும் மெய்யானதே.

இவ்வனுபவத்தோடு இன்றைய தமிழ்த் தொடர்ப்படங்களைப் பார்க்கவேண்டும். லோகேஷ் கனகராஜின் 'கைதி' 2019-இல் வந்தது. சிறையிலிருந்து விடுதலை பெற்ற ஒருவன், தான் ஒருபோதும் கண்டிராத மகளைக் காணப் போகிறான்; ஓர் இரவு முழுதும் லொறி ஓட்டிப் போராடுகிறான். அவனது வீரத்தைவிட எம்மைக் கவர்ந்தது இன்னொன்று. நகரின் பொலிஸ் தலைமையகத்தைக் கொலைகாரர் முற்றுகையிட்ட வேளையில் உள்ளே இருப்பவர்கள் வயதான ஒரு கான்ஸ்டபிளும், சில்லறைக் குற்றத்துக்காகப் பிடித்துவரப்பட்ட சில மாணவர்களும் மட்டுமே. அவர்கள் மேசையையும் அலுமாரியையும் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். நடுங்குகிறார்கள், ஆயினும் நிற்கிறார்கள். படத்தின் உயிர் அக்கட்டடத்துள்ளேயே இருக்கிறது.

'விக்ரம்' 2022-இல் வந்து, 'கைதி'யைத் தொடராக்கியது. கான்ஸ்டபிளுக்கும் மாணவருக்கும் அதில் இடமில்லை. சட்டத்துக்கு அப்பாற்பட்ட இரகசியப் படையின் முன்னாள் வீரர்கள் வருகிறார்கள், முகமூடி அணிந்தோர் மனிதரைக் கொன்று வீழ்த்துகிறார்கள், படமாளிகை அதிர்கிறது. முகமூடி என்பது சென்னையில் ஓர் அலங்காரமாய் இருக்கலாம். இங்கு அது தலையாட்டியின் அடையாளம். சுற்றிவளைப்பில் ஊரையே வரிசையாய் நடக்கவிட்டு, முகத்தை மூடிய ஒருவன் தலையை அசைத்தால் அதோடு ஓர் இளைஞனின் கதை முடிந்தது. விசாரணையின்றித் தீர்ப்பு வழங்கும் வீரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எமக்கு எவரும் படம் எடுத்துக் காட்டவேண்டியதில்லை.

இருந்தும் எமது இளைஞர் ஏன் அதனை விரும்புகின்றனர்? இப்படங்களின் பகைவன் போதைப்பொருள் வியாபாரி. போருக்குப் பின் குடாநாட்டின் கிராமங்களுக்குள் ஹெரோயினும் ஐஸும் புகுந்துள்ளன. விற்பவனை ஊர் அறியும். பிடிபடுபவனோ பெரும்பாலும் வாங்கிக் கெட்ட பிள்ளையாக இருக்கிறான். பெரியவன் யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். திரையிலோ பெரியவன் முகத்தோடு, பெயரோடு தோன்றுகிறான், அடி வாங்குகிறான். ரசிகனின் கோபம் பொய்யானதன்று. கோபத்தைக் காசாக்கிய பின், அவனை அதே ஒழுங்கைக்கு வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதே பொய்.

இவற்றுக்கிடையே மடோன் அஸ்வினின் 'மாவீரன்' 2023-இல் வந்தது. தலைப்பைக் கண்டு யாழ்ப்பாணத்தான் ஒருகணம் வேறொன்றை எண்ணியிருப்பான், அது வேறு. சேரியிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் புதிய அடுக்குமாடியில் குடியேற்றப்படுகின்றன. தொட்டால் சுவர் உதிர்கிறது. கதவு கையோடு வருகிறது. நாயகன் வீரக் கதைக்குப் படம் வரையும் கோழை. ஆகாயத்திலிருந்து கேட்கும் குரலொன்று அவனை வீரனாகும்படி நெருக்குகிறது. அவனோ அக்குரலுக்கு அஞ்சி ஓடுகிறான். அதிமனிதக் கதையின் பொய்மையை அக்கதைக்குள்ளேயே நின்று எள்ளி நகையாடும் துணிவு தமிழிற் புதிது. பிற்பகுதியில் படம் வழக்கமான சண்டைக்குள் சரிந்துவிடுவது எமக்கு ஏமாற்றமே. வெடித்த சுவரின் முன் அயலவர்கள் ஒன்றுகூடி என்ன செய்வார்கள் என்ற கேள்வியைப் படம் கேட்கத் தொடங்கி, கேட்காமலே விட்டுவிட்டது.

அக்கேள்விக்கு எமது வடக்கிலே ஒரு விடை உண்டு. 2016-இல், போரால் வீடிழந்தோருக்கென்று வடக்கிலும் கிழக்கிலும் 65,000 பொருத்து வீடுகளை அமைக்க அரசாங்கம் திட்டமிட்டது. உருக்குத் தகட்டால் ஆன அவ்வீடுகளை அமைக்க உலகின் பெரும் உருக்குக் கம்பனியொன்று முன்வந்தது. எமது வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் இவை தாங்குமா, அடுப்பெரிக்க இடம் எங்கே, செலவாகும் பணத்தில் கல்வீடே கட்டலாமே என்று மக்கள் கேட்டனர். பொறியியலாளர் கணக்கிட்டுக் காட்டினர். பொது அமைப்புகள் எழுதின, கூடின, மறுத்தன. 65,000 என்ற அத்திட்டம் வகுத்தபடி நிறைவேறவில்லை. கல்லாலும் சீமெந்தாலும் ஆன வீடு வேண்டும் என்றவர்களின் முன்னே நின்று சாட்டையைச் சுழற்ற எவரும் வரவில்லை. அம்மறுப்பில் ஈடுபட்ட பெண்கள் பலர் மண்ணெண்ணெய் விளக்கோடும் தறப்பாள் கொட்டிலோடும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள். தம் வீட்டின் குசினி எந்தத் திசையில் இருக்கவேண்டும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.